பாலைவனத்தில் நான் விழுங்கிய பேச்சு

நெருப்பைச் சுற்றி நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். என்னைத் தவிர மற்ற எட்டுப் பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடம், அமெரிக்காவில் ஒரு பாலைவனம். சிவப்பு மணல். முகத்தில் அனல், முதுகில் குளிர். எனக்கு இடப்பக்கம் என் மச்சான் தாமோதரன், இரவல் கம்பளிக் கோட்டுக்குள் பாதி முகம் மறைந்து உட்கார்ந்திருந்தான். எதிரே டோரதி அம்மாள். எங்களை அந்த நாட்டுக்கு வரவழைத்த கைத்தொழில் கண்காட்சிக்குப் பொறுப்பாளர் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் ரூத். அந்த மண்ணின் சொந்தக்காரர்களான நவாஹோ மக்களில் ஒருவர். எங்களைப் போலவே நெசவு செய்கிறவர்.

டோரதி அம்மாள் அப்போதுதான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்து, "உன் மச்சானிடம் கேட்டுச் சொல்" என்றார்.

கேட்க வேண்டியது இதுதான். அடுத்த வருஷம் தாமு மட்டும் திரும்பி வர முடியுமா? ரூத்தோடு ஒரு வருஷம் உட்கார்ந்து நெய்ய வேண்டும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் எல்லா ஏற்பாடும் தயார். மனைவியையும் குழந்தையையும் கூட அழைத்து வரலாம்.

தாமுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் அந்தப் பாலைவனத்தில் நான் ஒருவன்தான்.

நான் அதை அவனிடம் கேட்கவில்லை.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் சாமர்த்தியங்களையே எழுதி வந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் வாலாஜாபாத்திலிருந்து ஒரு வாசகர், "ஐயா, உங்களுக்கு யார் மேலும் பொறாமையே வந்ததில்லையா?" என்று கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. எதுவானாலும் பதில் இந்த வாரம்.

வலது கரை நான், இடது கரை அவன்

தறி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பட்டில் கரை ஒரு நிறமும் உடல் வேறு நிறமுமாக இருந்தால், இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதைத்தான் கோர்வை என்கிறோம். ஒரு ஆளால் ஆகாது. தறிக்கு முன்னால் நெசவாளி. அவருக்கு இடப்பக்கம் கோர்வைக்கு ஒருவர். இடது கரைக்கு நாடா, அதாவது குறுக்கு இழையை ஓட்டும் கட்டை, எறிவது அவர் வேலை. உடலையும் வலது கரையையும் நெசவாளி பார்த்துக்கொள்வார். சேலைக்குப் பெயர் நெசவாளியின் பெயர்தான். கோர்வைக்கு உட்காருகிறவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் என் தறி. தாமு என் மனைவி கனகாவின் தம்பி, மாகறல்காரன். எங்கள் ஆட்கள்தான், ஆனால் மூன்று தலைமுறைக்கு முன்பே தறியை விட்டுவிட்டுப் பயிர் வைக்கப் போனவர்கள். இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் கனகா அவனை அழைத்து வந்து என் இடப்பக்கம் உட்காரவைத்தாள். என்னைவிட நான்கு வயதுதான் சின்னவன். மண்வெட்டி பிடித்த விரல். தொட்டால் பட்டு மாட்டிக்கொள்ளும். தவிடும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கையைப் பழக்கிக்கொண்டான்.

ஒரே வருஷம். அதற்குள் அவன் கோர்வை என் கோர்வையைத் தாண்டிப் போய்விட்டது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சேலையைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினால் தெரிந்துவிடும். என் பக்கம் அங்கங்கே நெருடும். அவன் பக்கம் விரல் நிற்காமல் போகும். கூட்டுறவுச் சங்கத்தில் சேலையைப் பிரித்துக் காட்டும்போது இடது கரையை மேலே போட்டுத்தான் பிரிப்பேன். அது தற்செயல் என்று ஆறு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கப் பயணத்துக்கு எங்கள் தறியைத் தேர்ந்தெடுத்தபோது ஊரில் எனக்குத்தான் மாலை. கோயில் அர்ச்சனையும் என் பெயருக்குத்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டாலும் இங்கிலீஷில் தேறியவன் என்பதால், மொழிபெயர்ப்புக்குத் தனி ஆள் வேண்டாம் என்று சங்கத்தில் பெருமையாகச் சொன்னார்கள். நானும் நம்பினேன், அது என் பயணம் என்று.

கண்காட்சியில் முதல் நாளே கதை மாறிவிட்டது. கூட்டம் முழுக்கத் தறியின் இடப்பக்கம். நான் இங்கிலீஷில் ஜரிகையைப் பற்றி விளக்கிக்கொண்டே இருப்பேன். யாரும் கேட்க மாட்டார்கள். தாமு ஒரு வார்த்தை பேசாமல் நாடாவை எறிவான், நிமிர்ந்து பார்ப்பான், சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு ஒரு கூட்டம்.

அந்த ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பல்லெல்லாம் தெரிய தாமு. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை என்னுடையது.

"அக்காவுக்கு அனுப்பலாம் மாமா. நீங்களும் இருக்கிறீங்களே இதுல," என்றான். கிண்டல் இல்லை. அவனுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. அது இன்னும் எரிச்சல்.

ஊறுகாய் பாட்டில்

கண்காட்சி முடிந்து ஊர் திரும்ப ஐந்து நாள் மிச்சம் இருந்தது. டோரதி அம்மாள் எங்களைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு விடிகாலையிலிருந்து பிற்பகல் வரை ஓட்டினார். ரூத்தும் அவர் கணவரும் வெளியூர்க்காரர்களை ஒரு ராத்திரி பாலைவனத்தில் தங்கவைத்து அனுப்புகிறவர்கள். கூடாரம், சாப்பாடு, ஆட்டுமந்தை, நெசவு, விடியலில் சூரியன். எங்களைப் போலவே தங்க வந்திருந்தவர்கள் இன்னும் நான்கு அமெரிக்கர்கள், கழுத்தில் கேமராவோடு.

தண்ணீர் வற்றிய கோடையில் தென்னேரி ஏரிக்குள் நின்று பார்த்திருக்கிறீர்களா? அதற்குக் கரையே இல்லாவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்த இடம். நடுநடுவே செங்குத்தாகச் சிவப்புப் பாறைகள். காற்றில் ஜூனிபர் என்ற மரத்தின் விறகுப் புகை. சாம்பிராணியும் இல்லை, கற்பூரமும் இல்லை. இரண்டுக்கும் உறவு என்று சொல்லலாம்.

ரூத்துக்கு எங்கள் வயதுதான் இருக்கும். எங்களைக் கண்டதும் ஓடி வந்து கை குலுக்கவில்லை. பக்கத்தில் வந்து பேசாமல் நின்றார். பார்வை எங்கள் முகத்தில் இல்லை, தோளுக்கு மேலே எங்கோ இருந்தது. முகத்துக்கு நேரே உற்றுப் பார்ப்பது அவர்களுக்கு மரியாதை இல்லையாம். எனக்கு அது தெரியாது. நல்ல இங்கிலீஷ் எடுத்து, நான் யார், என் ஊர் எது, எங்கள் ஊரில் எத்தனை கோயில் என்று அடுக்க ஆரம்பித்தேன். தாமு சும்மா நின்றான். ரூத் அவன் பக்கமாகத் திரும்பி லேசாகச் சிரித்தார்.

முதல் புள்ளி அவனுக்கு.

அவர்கள் வீட்டுக்கு ஹோகன் என்று பெயர். மரம் அடுக்கி மண் பூசி, வட்டமாக. வாசல் கிழக்கே. நடுவில் அடுப்பு. குளிர் தாங்காமல் நான் உள்ளே நுழைந்ததும் குறுக்கே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ரூத்தின் கணவர் தொண்டையைக் கனைத்தார். பின்னால் வந்த தாமு அடுப்பை வலமாகச் சுற்றி வந்து உட்கார்ந்தான். அவர்கள் வழக்கமும் அதுதான். உள்ளே வந்தால் வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்று காதில் கேட்டேன்.

"நடுவுல நெருப்பு எரிஞ்சிக்கினு இருக்குது. இடமா எப்படி மாமா போறது?" என்றான்.

ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு வலம் வரச் சொல்லிக்கொடுக்க மாகறலிலிருந்து ஒருத்தன்.

சாப்பாடு ஆட்டுக்கறிக் குழம்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும். நம் பூரிக்கு அண்ணன் என்று அந்த ரொட்டியைச் சொல்லலாம். நான் சைவம். என்னிடம் கனகா போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் இருந்தது. ஆறு வாரமாக அந்த நாட்டில் என் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். தாமு குழம்பை இரண்டு முறை வாங்கிக் குடித்தான். பிறகு, "மாமா, அந்தம்மா ஊறுகாயையே பாத்துக்கினு இருக்குது. கொஞ்சம் குடுங்க," என்றான்.

கொஞ்சம்தான் கொடுத்தேன். ரூத் நாக்கில் வைத்தார், கண்ணை இறுக்கி மூடினார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்து இன்னும் கேட்டார். தாமு பாட்டிலையே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டான்.

"டேய், அது என் ஊறுகாய்."

"எங்க அக்கா போட்டதுதானே மாமா," என்றான்.

சட்டப்படி அவன் சொன்னது சரி. அதற்காக என் கோபம் ஆறிவிடவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அவன் தப்புச் செய்தான். கோட்டுப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, இரண்டு கை விரலிலும் மாட்டி, எங்கள் தறிக்குப் பக்கத்தில் குழந்தைகள் விளையாடுவது போல ஏணி கட்ட ஆரம்பித்தான். ரூத் சட்டென்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர்களுக்கும் நூல் விளையாட்டு உண்டாம். ஆனால் பனிக்காலத்தில்தான், சிலந்திகள் தூங்கப் போன பிறகுதான் ஆடலாம். நெசவைக் கொடுத்தது சிலந்தி என்று அவர்கள் நம்பிக்கை.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் அன்று எனக்கு முதல் தடவையாக மனம் குளிர்ந்தது. அப்பாடா, மாட்டிக்கொண்டான்.

நான் விளக்கத்தைச் சொன்னதும் தாமு நூலைச் சுருட்டிக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்து ரூத்தின் கணவர் அவன் தோளில் தட்டினார். தப்புச் செய்தும் அவனுக்கே லாபம்.

ரூத்தின் விரல்

பொழுது சாயும் முன் ரூத் தம் தறியைக் காட்டினார். நம்முடையது போல் படுத்த தறி இல்லை. வாசல் நிலை மாதிரி நிமிர்ந்து நின்றது. நாடா கிடையாது. கம்பளி நூலை விரலாலேயே கோத்து, ஒரு மரச் சீப்பால் தட்டுகிறார். சிவப்பு முடிந்து கறுப்பு ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு நூலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு திரும்புகின்றன.

தாமு குந்தி உட்கார்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா, இது நம்ம கோர்வைதான்."

"ஆமாம்."

"ஆனா கோர்வைக்குன்னு தனியா ஆள் கிடையாது. ஒரே ஆளு எல்லாம் பண்றாங்க."

அவன் குரலில் இருந்தது வியப்புதான். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

நான் ரூத்துக்கென்று ஒரு சேலை கொண்டு போயிருந்தேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. பிரித்துக் காட்டினேன், வழக்கம்போல இடது கரை மேலே வரும்படி. ஜரிகையைப் பார்த்து அந்த நான்கு அமெரிக்கர்களும் ஆகா ஓகோ என்றார்கள். ரூத் ஜரிகையைப் பார்க்கவே இல்லை. சேலையை வாங்கித் திருப்பிப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். வலது கரை சேருகிற இடத்தில் விரலை ஓட்டினார். ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. அப்புறம் இடது பக்கம். விரல் நிற்கவே இல்லை.

கண்ணைத் திறந்து, உதட்டைக் குவித்து இடது கரையைக் காட்டினார். அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவதில்லை.

"இது யார் கை?"

என் கை என்று சொல்ல வாயெடுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் டோரதி அம்மாள், "அவர்," என்று தாமுவைக் காட்டிவிட்டார்.

ஆறு வருஷமாக நான் மடித்து மடித்து மறைத்ததை, பட்டுத் துணியையே அதற்கு முன் தொட்டறியாத ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார். ரூத்தும் டோரதி அம்மாளும் தனியாகப் போய் ஏதோ பேசினார்கள்.

தலை ஆடியது

அந்தப் பேச்சின் முடிவுதான் நெருப்பருகே வந்த கேள்வி.

"இன்னா மாமா கேக்கறாங்க?" என்றான் தாமு.

"சாப்பாடு புடிச்சுதான்னு கேக்கறாங்க."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தாமுவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. டோரதி அம்மாளைப் பார்த்து, நம் ஊரில் ரொம்பத் திருப்தி என்றால் எப்படி ஆட்டுவோமோ அப்படித் தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினான். டோரதி அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் ஊரில் தலை அப்படி ஆடினால் மாட்டேன் என்று அர்த்தம்.

அதை நான் திட்டம் போடவில்லை. ஆனால் அது வந்து கையில் விழுந்ததும் விடவும் இல்லை. "அவனுக்கு அம்மா இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது. வர முடியாதாம். மன்னிக்கச் சொல்கிறான்," என்று இங்கிலீஷில் முடித்துவிட்டேன்.

ரூத் அப்போது என்னைப் பார்த்தார். சாயங்காலத்திலிருந்து யார் முகத்தையும் நேராகப் பார்க்காதவர், என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் குனிந்து ஒரு சுள்ளியை எடுத்து நெருப்பில் போட்டேன்.

கோர்வைக்கு ஆள் இல்லாமல் என் தறி நின்றுவிடும், குடும்பம் என்னாவது என்று பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். காஞ்சிபுரத்தில் கோர்வைக்கு ஆளா கிடைக்காது? என்னைக் கூப்பிடாத இடத்துக்கு அவன் போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரி கூடாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தோம். அவன் கையால் மணலை அளைந்துகொண்டே இருந்தான்.

"நம்ம செய்யாத்து மணல் மாதிரியே இருக்குது மாமா. செவப்பா இருக்குதே, அது ஒண்ணுதான். இங்கயே கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவலாம்னு தோணுது."

"தூங்குடா," என்றேன்.

அவன் தூங்கினான். வானத்தில் ஒரு விரல்கடை இடம் விடாமல் நட்சத்திரம் என்று அந்த அமெரிக்கர்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

விடியலில் ரூத் கிழக்கே பார்த்து நின்று, மக்காச்சோளப் பூவின் மகரந்தத்தை ஒரு சிட்டிகை எடுத்து ஒளியில் தூவினார். பிறகு நெய்து முடித்த ஒரு விரிப்பைக் கொண்டுவந்து தாமுவுக்கு முன்னால் போட்டார். சுற்றிலும் கறுப்புக் கரை. ஒரு மூலையில் மட்டும் உள்ளிருந்து ஒரே ஒரு வெள்ளை இழை கரையைக் கடந்து விளிம்பு வரை போயிருந்தது. நெய்கிறவர் மனசு விரிப்புக்குள்ளேயே அடைபட்டுப் போகாமல் வெளியே வருவதற்கு விட்ட வழியாம் அது.

"இதை அவரிடம் சொல்லுங்கள்," என்றார் என்னைப் பார்த்து. "சொன்னபடியே சொல்லுங்கள்."

அதைச் சொன்னபடியே சொன்னேன். தாமு அந்த இழையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வாழ்த்து அட்டை

அடுத்த வருஷக் கடைசியில் சங்கத்து முகவரிக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. உறையில் தாமோதரன் பெயர். என் பெயர் இல்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது என்றால் நம்புவீர்களா?

தாமு அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். "படிங்க மாமா, படிங்க."

டோரதி அம்மாள் எழுதியிருந்தார். உங்களால் வர முடியாது என்று உங்கள் மாமா அன்று சொன்னபோது எங்களுக்கு ரொம்ப வருத்தம். நீங்கள் மனசு மாறுவீர்கள் என்று ரூத் வசந்தகாலம் வரை காத்திருந்தார். இப்போது வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். ஆனாலும் தறிக்கு முன்னால் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது என்று ரூத் சொல்லச் சொன்னார்.

திருத்திக்கொள்ள எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது.

"எல்லாரும் சௌக்கியமாம். ரூத் உன்னை விசாரிச்சாங்களாம். ஊறுகாய் தீர்ந்து போச்சாம்," என்று படித்தேன்.

தாமு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். "அக்காகிட்ட சொல்லி இன்னொரு பாட்டில் போடச் சொல்லணும் மாமா," என்றான். அட்டையைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தான்.

மஞ்சள் இழை

அதற்கப்புறம் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் தறியில் மாம்பழ மஞ்சளும் அரக்குமாக ஒரு சேலை. உடல் முடிந்து முந்தி ஏறுகிற சமயம். தாமு அன்று காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. திடீரென்று அரக்கு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மஞ்சள் இழையை எடுத்து இடது கரையின் குறுக்கே விளிம்பு வரை விட்டான்.

"இன்னாடா பண்றே?"

"ரூத்தம்மா சொன்னாங்களே மாமா, வெளிய வர்றதுக்கு வழி. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

"சங்கத்துல பழுதுன்னு தள்ளிடுவாங்கடா."

"தள்ளிட்டா அக்கா கட்டிக்கட்டும்," என்றான்.

அப்படியே ஆயிற்று. சேலை திரும்பி வந்தது. கனகா கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து இவனுக்கு என்ன கிறுக்கு என்று இரண்டு நாள் அவனைத் திட்டித் தீர்த்தேன். அவன் காலையில் வழக்கம்போல வந்து இடப்பக்கம் உட்கார்ந்தான். அப்புறமும் பன்னிரண்டு வருஷம் வந்து உட்கார்ந்தான்.

இப்போது அவன் மாகறலில் இருக்கிறான். இந்த அத்தியாயத்தை எழுத அட்டையில் இருந்த வாசகம் வேண்டுமென்று போன மாதம் போனேன். கேட்டதும் மகள் செல்வியைக் கூப்பிட்டுத் தகரப் பெட்டியை எடுத்து வரச் சொன்னான். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அட்டையைப் பிரித்தேன். உள்ளே ஒரு கோடு போட்ட நோட்டுத்தாள் நான்காக மடித்து வைத்திருந்தது. பென்சில் எழுத்து, குண்டு குண்டாக. டோரதி அம்மாள் எழுதியது முழுவதும் தமிழில். தாளின் மேலே ஒரு பெயர்: த. செல்வி, ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.

செல்வி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"அவ ஏழாவது படிக்கறப்ப. வூட்டுல எதுனா இங்கிலீஷ் கடுதாசி இருந்தா தமிழ்ல எழுதிக்கினு வாங்கன்னு வாத்தியார் சொன்னாராம். இத்தை எடுத்து எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டுச்சு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் இழை விட்ட வருஷம்.

"மறுநாளே என் சட்டையைப் பிடிச்சிருக்கலாமேடா. தறியை விட்டுட்டுப் போயிருக்கலாமே."

"போவணும்னுதான் வந்தேன் மாமா. முந்தி ஏறிக்கினு இருந்துச்சு. பாதியில வுட்டுட்டு எப்படிப் போறது?"

"முந்தி முடிஞ்சப்புறம்?"

"அப்புறம் அடுத்த சேலை," என்றான்.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டேன். அவன் உண்மையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் நாடா எறிந்திருக்கிறான், கோர்வையில் ஒரு நெருடல் இல்லாமல்.

இந்த இதழ் வந்ததும் மாகறலுக்கு முதல் பஸ் ஏறப்போகிறேன். தாமுவுக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். செல்வியைப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன், எந்த வரியையாவது நான் விட்டுவிட்டால் பிடிப்பதற்கு.